ஏழாம் நம்பர் மலைக்கு மேலே போன விமானம்

குளவி கொட்டினால் அதற்குக் காரணம் குளவிதான் என்று நினைக்கிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து பார்க்காதவர்கள். தோட்டத்தில் அப்படி அவசரப்பட்டு முடிவு கட்ட மாட்டார்கள். முறையாக விசாரணை வைப்பார்கள். கூட்டைக் கலைத்தது யார், எதற்காகக் கலைத்தார், யாரைக் கேட்டுக் கலைத்தார் என்று கேட்டு முடிப்பதற்குள் கொட்டு வாங்கியவளின் முகம் வீங்கி, வடிந்து, பழைய முகமாகவே ஆகிவிடும். குளவியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அது தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லையே.

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவுக்குக் கிருஷ்ணராஜ்தான் தலைவர். அதாவது தொழிற்சங்கத்தின் தலைவர். பகலில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டுகிற அதே ஆள்தான். ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்ட மேலாளரான துரையின் முன்னால் கை கட்டாமல் நின்று பேசுவார். அந்த நிற்பைப் பார்த்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனத்துக்கு ஒரு பெருமை. அவருக்கோ அதைவிடப் பெருமை.

அவருடைய பேச்சுக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்தப் பிரச்சினை வந்தாலும் பழியைத் தூக்கிக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். லயத்துக் கூரை ஒழுகினால் கொழும்பு. பைப்பில் தண்ணீர் வராவிட்டால் உலக வங்கி. கொழுந்து குறைந்தால் பருவநிலை. பழி அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. துரைக்கும் இந்தத் தலைவரை ரொம்பப் பிடிக்கும்.

இதற்கு மேல் அவருக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. மகள் சுபாஜினி துபாய்க்கு வேலைக்குப் போன அன்று, அவள் ஏறிய விமானம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு, பதுளையில் போன் கடை வைத்திருக்கும் புவாத் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். மகள் போய் இறங்கி, வேலையில் சேர்ந்து, சம்பளமும் வாங்கத் தொடங்கிவிட்டாள். தகப்பன் மட்டும் இன்னும் போனில் விமானம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த விமானம், எவ்வளவு உயரம், என்ன வேகம், எல்லாம் அதில் தெரியும். போன வாரம் போனதைக்கூடத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். லயத்து ஓரத்தில் நின்றுகொண்டு, “இது மத்தளை ஏர்போர்ட்டுக்குப் போவுது, எறங்கத் தொடங்கிருச்சு” என்று அவர் சொன்னால், என்னவோ இவர் சொல்லித்தான் அது இறங்குகிறது என்பது போல இருக்கும்.

ஏழாம் நம்பர் மலையில், நடுவில் நின்ற சவுக்கு மரத்தில் ஒரு குளவிக்கூடு தொங்கியது. பானை அளவில் தொடங்கி அண்டா அளவுக்கு வளர்ந்துவிட்டது. கொழுந்து எடுக்கிற பெரியாயி கங்காணியிடம் இரண்டு தடவை சொன்னாள். கங்காணி மேலே சொன்னார். மேலே இருந்தவர் இன்னும் மேலே சொன்னார். அதற்கு மேலே போன விஷயம் எதுவும் அந்தத் தோட்டத்தில் திரும்பி வந்ததில்லை. பெண்கள் ஒரு கண்ணைக் கொழுந்திலும் அடிக்கடி அண்ணாந்து ஒரு கண்ணை மரத்திலும் வைத்து வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் காலை, காற்று கொஞ்சம் பலமாக வீசியது. குளவிகள் கிளம்பிவிட்டன.

ஏழு பேருக்குக் கொட்டு. மற்றவர்களுக்கு வீக்கமும் காய்ச்சலும்தான். கிருஷ்ணராஜின் மனைவி விஜயலெட்சுமிக்கு மட்டும் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. கொழுந்து லொறியில் படுக்க வைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்திய டொக்டர் வெளியே வந்து, “இவங்க உடம்புக்குக் குளவி விஷம் ஒத்துக்காது. இன்னொரு தடவ கொட்டினா இங்க வந்து சேர்ற வரைக்கும் தாங்க மாட்டாங்க” என்றார். பெரட்டுக் களத்தில் யாருக்கும் தலை குனியாத தலைவர், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தேம்பித் தேம்பி அழுதார். அது நிஜமான அழுகை. அதைப் பற்றிக் கேலி பேச ஒன்றுமில்லை.

கேலி பேச வேண்டியது அடுத்து நடந்த விசாரணையைப் பற்றித்தான்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நாற்காலி போட்டுத் துரை உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய கிளாக்கர் விஜேந்திரன் எழுதத் தயாராக இருந்தார். முகம் வீங்கிய பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

“கூடு அங்க எவ்வளவு நாளாத் தொங்குது! இவ்வளவு நாளும் கொட்டல்ல. அன்னிக்கு மட்டும் ஏன் கொட்டுது? யாரோ கலைச்சிருக்கணும். பொம்பளைங்க தலையில வாசன எண்ணெய், பூ, அதுக்கு மேல போன்ல சத்தமாப் பேச்சு” என்றார் துரை. அவ்வளவு நாளாகக் கூடு தொங்கியதை அவர் தெரிந்து வைத்திருந்தார் என்பதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

“ஐயோ தொர, நாங்க மொணங்கக்கூட இல்லீங்க” என்றாள் பெரியாயி.

பழி பெண்கள் தலையில் விடியப்போகிறது என்று கிருஷ்ணராஜுக்குப் புரிந்தது. அவர் மனைவியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. ‘கூட்டை எடுக்கச் சொல்லிப் பெரியாயி இரண்டு தடவை சொன்னாள், நீங்கள்தான் எடுக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பழி மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் துரையின் மடியிலல்லவா விழும்! அவ்வளவு கிட்டத்தில் பழி போட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. வாய் தானாகவே வேறு வழியில் போனது.

“தொர, கூட்டக் கலைச்சது பொம்பளைங்க இல்ல. பிளேன்! அன்னிக்குக் காலையில மலைக்கு மேலால ஒரு பெரிய பிளேன் தாழப் பறந்து போச்சு. அம்புட்டு வேகம். அந்தச் சத்தத்துலதான் குளவி கலைஞ்சுச்சு. இந்தாங்க, போன்லயே இருக்கு!”

போனில் இருந்தது உண்மைதான். மத்தளைக்குப் போன விமானம் ஒன்று அன்று காலை நமுனுகுல மலையைத் தாண்டியிருந்தது. ஆனால் அது தாண்டியபோது பெண்கள் இன்னும் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த விமானத்துக்குப் பிறகு அவர்கள் மலை ஏறி, செடி வரிசையான நிரையைப் பிடித்து, ஆளுக்கு அரைக் கூடைக் கொழுந்தும் எடுத்துவிட்டார்கள். இந்தச் சின்ன விஷயத்தைத் தலைவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற சனம் கை தட்டியது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

துரை கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். துரையின் முகமோ மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத் தோட்டத் தொழிலில், யாருக்கும் செலவு வைக்காத இப்படியொரு குற்றவாளி அவருக்குக் கிடைத்ததே இல்லை. அப்போதே கொழும்பில் விமானப் போக்குவரத்து தெரிந்த ஓர் அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அதிகாரி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல விஜேந்திரன் தமிழில் சொன்னார்.

“பெரிய பயணிகள் விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழ பறக்கும்போது இருநூத்தம்பது நொட்டுக்கு மேல போகக்கூடாதாம். நம்ம கணக்குல மணிக்கு நானூத்தறுபது கிலோமீற்றர் சொச்சம். கீழ சின்ன விமானம், பறவை எல்லாம் இருக்குமாம். அதனால நிதானமாத்தான் போகணுமாம்.”

வானத்தில் இவ்வளவு ஒழுங்கா என்று சனம் வாயைப் பிளந்தது. பசறை ரோட்டில் தனியார் பஸ் ஒன்றையொன்று முந்துகிறபோது இப்படி ஒரு சட்டத்தை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

“நம்ம பிளேன் முந்நூத்திப் பத்து!” என்று போனைத் தூக்கிக் காட்டினார் கிருஷ்ணராஜ். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

“ஒசரம் எவ்வளவுன்னு கேக்குறாரு.”

“பத்தாயிரத்து நானூறு.”

மறுமுனையில் அதிகாரி சிரித்தார். விஜேந்திரன் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். “அப்ப அந்தச் சட்டம் அதுக்குப் பொருந்தாதாம். நானூறு அடி மேல இருக்கே. அதுவும் போக, போன்ல காட்டுற வேகம் வேற, விமானி பாக்குற வேகம் வேறயாம்.”

“என்னாங்க கிளாக்கர் ஐயா, நாம இருக்கிற மலையே நாலாயிரத்து ஐந்நூறு அடி! எங்க தலையிலருந்து பாத்தா அது ஆறாயிரம் அடி கூட இல்லையே?”

“சட்டம் கடல்லருந்துதான் அளக்குமாம்.”

மலையில் குடியிருப்பவனின் தலை எங்கே இருக்கிறது என்று சட்டத்துக்கு என்ன கவலை. துரை மேசையில் தட்டினார். “நல்லது. பிளேன் சட்டத்த மீறியிருந்தா பிளேன்காரங்க பதில் சொல்லணும். மீறல்லன்னா யாருமே பதில் சொல்லத் தேவையில்ல. ரெண்டுல எதுன்னு கொழும்புல முடிவு பண்ணட்டும்.” இரண்டில் எதுவானாலும் தோட்டம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதைச் சொல்லாமலே எழுந்துவிட்டார். எழுந்தவர் வாசலில் நின்று ஒன்று சொன்னார். “விசாரணை முடியிற வரைக்கும் அந்தக் கூட்ட யாரும் தொடக்கூடாது. அதுதான் சாட்சி.”

கிருஷ்ணராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்களைக் காப்பாற்றப் பேசப் போனவர், கூட்டுக்குக் காவல் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

விமானம் அதற்குப் பிறகு அவர் கையில் இல்லை. எல்லாருக்கும் அதைப் பிடித்துப்போய்விட்டது. பதுளைச் சங்கக் காரியாலயத்திலிருந்து பிரதிநிதி ஒருவர் ஜீப்பில் வந்தார். கூட்டத்தைக் கூட்டி, மலையக மக்களின் தலைக்கு மேலால் இனி ஒரு விமானமும் அத்துமீறிப் பறக்க விடமாட்டோம் என்று முழங்கினார். குளவிக்கூடு தொங்கிய இடம் அவர் நின்று முழங்கிய இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மறுநாள் பத்திரிகையில் அவருடைய படமும் அறிக்கையும் வந்தன. கிருஷ்ணராஜின் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. அந்தத் துண்டை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். வெட்கம் கெட்ட மனம் அப்போதும் கொஞ்சம் குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கொழுந்து மட்டும் விசாரணைக்குக் காத்திருக்கவில்லை. மழை விட்டு வெயில் அடித்ததில் ஏழாம் நம்பர் மலை பச்சைப்பசேலென்று முளைத்துவிட்டது. மற்ற மலைகளை முடித்துக்கொண்டு அடுத்த சுற்று அங்கேதான் வரவேண்டும். ஒருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றால் அடுப்பு எரியாத குடும்பம். விஜயலெட்சுமி வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

“ஏங்க, நாளன்னைக்கு ஏழாம் நம்பராம்” என்றாள் அவள், ரொட்டி தட்டிக்கொண்டே.

“மரத்தச் சுத்தி உள்ள நிரைய விட்டுட்டு எடுக்கச் சொல்லி தொர சொல்லியிருக்காரு.”

“குளவிக்கு நிரை தெரியுமாக்கும்.”

 அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு நாங்க யாரும் பிளேன் சத்தம் கேக்கல. பெரியாயியும் கேக்கலங்குறா. நெசமாவே பிளேன் போச்சா?”

ஆயிரம் பேர் முன்னால் பேசுகிற வாய் அது. அந்த ஒற்றை அறைக் காம்பராவில், ஒருத்திக்கு முன்னால், அடைத்துக்கொண்டது. அவளும் திரும்பக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தட்டில் ரொட்டியை வைத்து, சம்பலையும் வைத்து, வழக்கம் போல அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை நேரே துரையின் காரியாலயத்துக்குப் போனார். அன்றைக்கு அவருடைய கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

“தொர, அந்த பிளேன் போனப்ப மலையில யாருமே இல்லீங்க. நான் சும்மா சொல்லிட்டேன். பிளேனுக்கும் குளவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கூட்ட எடுத்துருவோம் தொர. எம் பொஞ்சாதிக்கு இன்னொரு தடவ கொட்டினா செத்துருவா.”

துரை கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகவே பேசினார். “தலைவர், அறிக்கை கொழும்புக்குப் போயாச்சு. கம்பெனி பிளேன்காரங்களுக்கு எழுதியாச்சு. உங்க சங்கம் பேப்பர்ல போட்டாச்சு. இப்ப வந்து பிளேன் இல்லன்னா எத்தன பேர் பொய் சொன்ன மாதிரி ஆகும்? கூட்டுல கை வச்சா சாட்சிய அழிச்ச மாதிரி. நான் எப்படி ஓடர் குடுப்பேன்?”

“அப்ப அவ சாகட்டுங்களா?”

“உங்க மனைவிய நாளைக்கு மட்டும் வேற வேலைக்குப் போடச் சொல்றேன். மத்தவங்க எடுக்கட்டும்.”

ஒரு கணம் கிருஷ்ணராஜுக்கு ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. அதை மறைத்து எழுதினால் அது அவரைப் பற்றிய கதையாகாது. ஆனால் வெளியே வந்தபோது பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அன்றைக்குரிய வேறு மலைக்கு வரிசையாக ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியாயியின் கன்னத்தில் இன்னும் கறுத்த தழும்பு. தலைவரைப் பார்த்து, “என்னா தலைவரே, பிளேன்காரன் மன்னிப்புக் கேட்டுட்டானா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள். அவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம், குளவி எல்லாம் கூட்டுக்குள் அடைந்த பிறகு, ஒரு நீள மூங்கில் கம்பும் சாக்கும் மண்ணெண்ணெயுமாகக் கிருஷ்ணராஜ் ஏழாம் நம்பர் மலைக்குத் தனியாகப் போனார். கம்பளியால் தலையைப் போர்த்தி, மனைவி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை மார்பில் கட்டிக்கொண்டார். இந்த வேலைக்கு நாலு ஆள் வேண்டும். ஆள் கூப்பிட்டால் அவர்களும் சாட்சியை அழித்தவர்கள் ஆவார்கள். பழியை முதல் தடவையாகக் கிட்டத்தில், தன் மேலேயே போட்டுக்கொள்ளத் துணிந்திருந்தார். கைக்கு அது புதுசு. மண்ணெண்ணெயில் நனைத்த சாக்கைக் கம்பு நுனியில் கட்டிக் கொளுத்தி உயர்த்தினார். தீ கூட்டில் பிடித்து அது பாதி எரிந்து விழுந்தபோது, மீதிப் பாதி அவர் மேல் வந்து விழுந்தது.

கண் விழித்தது பதுளை ஆஸ்பத்திரியில். விழித்தது என்று சும்மா சொல்வதுதான். இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. முகம் பலாப்பழம் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் அவர் உடம்பு குளவி விஷத்தைத் தாங்குகிற உடம்பு. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் விஜேந்திரன் பார்க்க வந்தார். ஒரு பையில் தோடம்பழம், இன்னொரு பையில் விசாரணைக் கட்டு. வேலை முடிந்து பஸ் பிடித்து அப்போதுதான் வந்திருந்த விஜயலெட்சுமி எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் குரலைத் தாழ்த்தினார்.

“கிருஷ்ணராஜ், விஷயம் பெரிசாப் போயிருச்சு. சாட்சிய அழிச்சதுன்னு ஒம் மேல குத்தம். சங்கமும் ஒன்னயத் தலைவர்லருந்து தூக்கணும்னு சொல்லுது. அவங்க பேப்பர்ல போட்ட மானம் போயிருமாம். ஆனா நான் தொரகிட்டப் பேசிட்டேன். ஒரு வழி இருக்கு. நீ சும்மா மரத்துக்குக் கிட்ட நடந்து போன. அந்த நேரம் மேலால ஒரு பிளேன் தாழப் போச்சு. கூடு அதிர்ந்து தானா விழுந்துச்சு. அவ்வளவுதான். தொர கட்ட மூடிருவாரு. சங்கம் இன்னொரு அறிக்கை விடும். நீ தலைவராவே இருக்கலாம். சொல்லு, பிளேன் போச்சா?”

கூடு எரிந்த விதத்தை விமானத்தின் தலையில் எப்படிக் கட்டப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டிவிடுவார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கிருஷ்ணராஜுக்கு அந்தத் தலைவர் பதவி மேல் உயிர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெரட்டில் விழுகிற கைதட்டல், ‘தலைவரே’ என்கிற ஒரு சொல், இவை போனால் கையில் மிஞ்சுவது கவ்வாத்துக் கத்தி மட்டும். போச்சு என்று ஒரு சொல் சொன்னால் போதும். பக்கத்தில் விஜயலெட்சுமி தோடம்பழம் உரிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது.

“போகலீங்க” என்றார். உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது. அதனால் இன்னொரு தடவை சொன்னார். “பிளேன் போகல. எழுதிக்கிங்க. அன்னிக்குக் குளவி கலைஞ்சப்பவும் போகல, நேத்தும் போகல. கூடு இருக்குன்னு பெரியாயி ரெண்டு தடவ சொன்னா, தோட்டம் எடுக்கல. நாந்தான் நெருப்பு வச்சு எடுத்தேன்.”

விஜேந்திரன் எழுதவில்லை. “ஒனக்குப் பொழைக்கத் தெரியல” என்று எழுந்தார். அவர் போகிற செருப்புச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

“விஜயா.”

“ம்.”

“இன்னிக்கு எந்த மல?”

“ஏழாம் நம்பர்தான். வேற வேலைக்குப் போன்னாங்க. நான் போகல. எல்லாரோடயும் மலைக்குத்தான் போனேன்.”

“எப்பிடி இருந்துச்சு?”

அவள் ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, வீங்கிய உதடுகளுக்கு நடுவில் பார்த்து வைத்தாள்.

“ஒருத்தியும் அண்ணாந்து பாக்கல” என்றாள்.